அடித்தட்டுக்குக் குனிந்தவள்

மண்ணூரிலிருந்து வேலைக்குப் போன பெண்களில் அம்சவல்லி மட்டும் இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். காது நன்றாகக் கேட்கும். ஆள்தான் அங்கே இருக்கமாட்டாள்.

கையில் பலகை இருக்கும். பலகைமேல் ஈரம் காயாத மின்கம்பப் பீங்கான் கப்புகள் வரிசையாக நிற்கும். கால்கள் தாமாக நடந்துகொண்டிருக்கும். அவளோ அந்தக் கப்புகள் என்றோ போய்ச் சேரப்போகும் ஏதோ ஓர் ஊரில், மின்கம்பத்தின் உச்சியில், காற்று வீசுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பாள். கீழே பெயர் தெரியாத வயல்கள். தூரத்தில் ஒரு மலை. இரண்டு பக்கமும் கம்பிகள் மெல்ல முனகிக்கொண்டே போகும். "அடியே அம்சா, எங்கடி போய்ட்ட?" என்று கூட வேலை செய்யும் கிளியம்மாள் கத்தும்போது மலை கலைந்து, உலர்த்தும் அறையின் வெள்ளைப் புழுதி திரும்ப வரும்.

அது 1991. ஒரகடம் பக்கமெல்லாம் அப்போது நெல்லும் வேர்க்கடலையும்தான். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி, நெடுஞ்சாலையோரமாக மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்பெனிகள் எழும்பியிருந்தன. அதில் ஒன்று, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கி நிற்கிற வெள்ளைப் பீங்கான் கப்புகளைச் செய்தது. அம்சவல்லியின் கணவன் கோதண்டம் இருந்த கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, காலையில் சைக்கிளில் பால் கேன்களைக் கட்டிப் போய் ஸ்ரீபெரும்புதூர் டீக்கடைகளுக்கு ஊற்றினான். ஒரே மகள் ரத்னா பூந்தமல்லியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். வீட்டில் இரண்டு பேர். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அம்சவல்லிக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

அவள் வேலையைக் கம்பெனியில் 'லைட் ஒர்க்' என்று சொன்னார்கள். கடைசல் மெஷினில் ஆண்கள் களிமண்ணைக் கப்பாகக் கடைந்து பலகையில் வைப்பார்கள். பலகையை எடுத்துப்போய் உலர்த்தும் அறையின் இரும்புத் தட்டுகளில் அடுக்கவேண்டும். அவ்வளவுதான். பலகை கனமில்லை. ஆனால் ஈரக் கப்பு பச்சைக் குழந்தை மாதிரி. கொஞ்சம் ஆட்டினாலும் கழுத்து கோணிக்கொள்ளும். அதனால் எல்லாமே மெதுவாக நடக்கவேண்டும். மேல் தட்டு என்றால் கையை உயர்த்தி மெதுவாக. அடித்தட்டு என்றால் பலகையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, தரையை நோக்கி மெதுவாக, மிக மெதுவாகக் குனிந்து, மூச்சை அடக்கி வைத்துவிட்டு, அதே மெதுவில் எழவேண்டும். அடித்தட்டில்தான் தரையிலிருந்து சூடான காற்று வரும், கப்பு சீக்கிரம் காயும் என்பதால் எல்லாரும் முதலில் அதைத்தான் நிரப்பச் சொன்னார்கள்.

வலி எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாது. முதலில் மாலையில் மட்டும் வந்தது. பிறகு ஒரு கட்டத்தில், காலையில் கண் திறக்கும்போதே பாயில் அவளுக்கு முன்னால் அது விழித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'வாயு' என்பார்கள், 'சூடு' என்பார்கள், சுக்குக் கஷாயம் குடி என்பார்கள். வலி கூடியபோதுதான் அவள் கம்பத்தின் உச்சிக்கு ஏறக் கற்றுக்கொண்டாள். அங்கே முதுகு என்று ஒன்று கிடையாது.

ஜூன் மாதத்தில் ஒரு மதியம், கம்பெனி வாசலில் போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் கேன்டீன் ஜன்னலில் கூடிவிட்டார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியது கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண். வியர்த்துப் போயிருந்தாள். மார்போடு ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தாள். பெயர் இசைவாணி. சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. எந்த வேலை உடம்பை எவ்வளவு வருத்துகிறது, அந்த வருத்தம் எங்கே எப்படி வலியாகிறது என்பதை அளந்து பார்ப்பதுதான் அவள் படிப்பு. அடிக்கடி ஆட்கள் லீவு போடுகிறார்களே என்று யோசித்துக்கொண்டிருந்த மேனேஜர் அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் மைதானத்தில் குண்டு வெடித்து, ஊர் இன்னும் மூச்சு விடாமல் இருந்த நாட்கள் அவை. நெடுஞ்சாலையில் தடுப்புப் போட்டுப் பஸ்ஸுக்கு பஸ் சோதித்தார்கள். இசைவாணியின் பெட்டியைத் திறந்த காவலர் உள்ளே பார்த்தது ஒரு தோல் பெல்ட்டு. அதன் பின்பக்கம் ஒரு சின்ன உலோக டப்பா. டப்பாவிலிருந்து ஒயர். காலை முழுவதும் ஸ்டேஷனில் உட்கார வைத்து, கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போன் போட்டுக் கேட்டுத் திருப்தியானபின் அவர்களே கொண்டுவந்து விட்டுப்போனார்கள்.

அன்றே கேன்டீனில் பெண்களை உட்காரவைத்துப் பேசினாள். சூப்பர்வைசர் அண்ணாதுரை பக்கத்தில் நின்றார். பேசும்போது இசைவாணியின் குரல் இன்னும் கொஞ்சம் நடுங்கியது.

"இந்த பெல்ட்ட இடுப்புல கட்டிக்கிட்டு நீங்க வழக்கம்போல வேலை செஞ்சா போதும். நீங்க குனியும்போதும் திரும்பும்போதும் உள்ள ஒரு ஊசி அசையும். அந்த அசைவு இந்தச் சின்ன டேப்ரிக்கார்டர்ல பதிவாகும். வேற ஒண்ணுமே இல்ல" என்றாள்.

கிளியம்மாள் எழுந்தாள். மெழுகும் பிரிவில் ஈரக் கப்புகளைப் பஞ்சால் துடைத்துச் சீராக்குகிறவள். அம்சவல்லிக்கு மூத்தவள்.

"நான் அன்னிக்கி அந்த கிரவுண்டுல தான் நின்னுகினு இருந்தேன்" என்றாள். "பின்னால. கயிறு கட்டி வெச்சிருந்தாங்களே, அங்க. இன்னா நடந்துச்சுன்னு எனுக்குத் தெரியும். இடுப்புல ஒயரு வெச்ச பெல்ட்டு நான் கட்டமாட்டேன். வேற யாரும் கட்டக்கூடாது."

சொல்லிவிட்டு டிபன் டப்பாவை மூடப்போனாள். மூடி பொருந்தவில்லை. அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள்.

இசைவாணி பெல்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு மனித உருவம், முன்பக்கமும் பின்பக்கமும். வலிக்கிற இடத்தில் பென்சிலால் தீட்டித் தரவேண்டும். பெயர் எழுத வேண்டாம், செய்கிற வேலையை மட்டும் எழுதினால் போதும்.

எல்லாத் தாள்களும் வெறுமையாகவே திரும்பி வந்தன. அம்சவல்லியும் தன் தாளை வெறுமையாகத்தான் கொடுத்தாள். முந்தின வருடம் பேக்கிங்கில் இருந்த ஒருத்தி முதுகு வலி என்று சொல்லப்போய், வீட்டில் ஓய்வெடு என்று அனுப்பியவர்கள் பிறகு கூப்பிடவே இல்லை. அதை யாரும் மறக்கவில்லை.

"பாத்தீங்களா மேடம், நம்ம கம்பெனியில யாருக்கும் ஒண்ணும் கிடையாது" என்றார் அண்ணாதுரை.

இசைவாணி தாள்களை அடுக்கினாள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து வலித் தைலத்தின் நெடி கண்ணைக் கரிக்கிற அளவுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் முகம் சுருங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அம்சவல்லி எழுந்தாள்.

"அந்த பெல்ட்ட நான் கட்டிக்கிறங்க" என்றாள்.

வீட்டில் கோதண்டம் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டான். "ஒயரு வெச்ச பெல்ட்டா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?"

"பாவங்க. காலையில இருந்து போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்துட்டு வந்துகீது. யாருமே ஒத்துக்கல."

"அதுக்கு நீயா?"

"அது இன்னா அளக்குதுன்னு பாக்கலாம்னுதான்."

அவன் அவளைப் பார்த்துவிட்டு, "ஷாக்கு கீக்கு அடிச்சா வுட்டுட்டு வந்துரு" என்று சொல்லி மறுபடியும் சாப்பிடத் தொடங்கினான்.

பெல்ட்டு கனக்கவில்லை. இசைவாணி கட்டிவிடும்போது அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. டப்பா முதுகின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது. குனியும்போது உள்ளே ஏதோ மெல்ல நகர்வது தெரிந்தது, தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கையில் ஒரு மீன்குஞ்சு உரசிப்போவது போல.

அதற்குமேல் நடந்ததை அம்சவல்லி எதிர்பார்க்கவில்லை. அவளால் கம்பத்தின் உச்சிக்கு ஏறவே முடியவில்லை. பலகையை எடுத்து நாலு அடி வைத்ததும் வழக்கம்போல் காற்று வீசத் தொடங்கும். வயல் தெரியும். உடனே அந்த டப்பா முதுகில் அசையும். யாரோ இடுப்பைப் பிடித்து நிறுத்தியதுபோல அவள் உலர்த்தும் அறையிலேயே நின்றுவிடுவாள். ஒவ்வொரு குனிவையும் முழுதாகக் குனியவேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுகையையும் முழுதாக எழவேண்டியிருந்தது. இத்தனை நாள் தான் இல்லாத இடத்தில் தன் உடம்பு தனியாக என்ன செய்துகொண்டிருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. விட்டுவிட்டுப் போன குழந்தையைத் திரும்பி வந்து பார்க்கிறவளைப் போல அவள் தன் இடுப்பைத் தடவிக்கொடுத்தாள்.

இசைவாணி தினமும் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கொக்கித் தராசில் பலகையை மாட்டி எடை பார்த்தாள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"ஒரு கூடை காய்கறி அளவுகூட இல்லையே" என்றாள்.

"நான்தான் சொன்னேனே மேடம். லைட் ஒர்க்" என்றார் அண்ணாதுரை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது அப்படித்தான் தெரிந்தது.

ஆடி மாதம் பிறந்தது. ஒருநாள் பிற்பகலில் வானம் கறுத்து, உலர்த்தும் அறையின் கூரைக் கண்ணாடிகள் வழியே வழக்கமாக விழும் வெயில் தூண்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அம்சவல்லி ஒரு பலகையுடன் அடித்தட்டுக்குக் குனிந்தாள். பலகையின் ஒரு முனை தட்டைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் திரும்பவேண்டும். திரும்பினாள்.

முதுகில் ஒரு கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

சத்தம் எதுவும் இல்லை, அவளுக்குள் மட்டும். பலகை சாய்ந்தது. கப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, மெத்தென்று தரையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே உருக்குலைந்து மண்ணாயின. அவள் முழங்காலில் விழுந்து, கையை ஊன்றி, குனிந்த வாக்கிலேயே இருந்தாள். எழ முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை.

அந்த உயரத்திலிருந்து அவள் அந்த அறையைப் பார்த்ததே இல்லை. தட்டுகளின் அடிப்பக்கம் தெரிந்தது. இரும்புக் கால்களுக்கு நடுவே வெள்ளைப் புழுதி மிதந்தது, கீழிருந்து வந்த சூட்டில் மெல்ல மேலே ஏறி, நின்று, மறுபடி இறங்கியது. தூரத்தில் பெண்களின் பாதங்கள் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன. எல்லாப் பாதமும் வெள்ளை. கூரைமேல் மழை விழத் தொடங்கியது. தான் ஒரு குளத்தின் அடியில் இருப்பதாகவும், மேலே யாரோ தண்ணீரில் பூக்களைத் தூவுவதாகவும் அவளுக்குத் தோன்றியது. முதுகில் டப்பாவின் ஊசி அசையாமல் நின்றது.

"தூக்காதீங்க, தூக்காதீங்க" என்று இசைவாணி கத்தியபடி ஓடி வந்தாள். வந்தவள், அந்தக் களிமண்மேலேயே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வலிக்குதுங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. கால் வழுக்கிச்சு."

"அம்சவல்லி."

கண்ணீர் மூக்கின் நுனிக்கு வந்து தரையில் சொட்டியது. குனிந்திருந்ததால் கன்னத்தில்கூட இறங்கவில்லை.

"சொன்னா வேல போய்டுமா டாக்டரம்மா?"

"தெரியலைங்க" என்றாள் இசைவாணி. "போகாதுன்னு சத்தியம் பண்ண எனக்கு அதிகாரம் இல்ல. போகக்கூடாதுன்னு நான் பேசுவேன். அது மட்டும் முடியும்."

பொய் சொல்லியிருந்தால் அம்சவல்லி வாயைத் திறந்திருக்கமாட்டாள்.

"இடுப்புலங்க" என்றாள். "இடுப்புல ஆரம்பிச்சு எடது தொட வரைக்கும் இறங்குது. காலையில பாய வுட்டு எந்திரிக்க செவுத்த புடிக்கணும். ரொம்ப நாளா கீது. எவ்ளோ நாளுன்னு தெர்ல. நான்தான் இங்க இல்லையே."

கடைசியாகச் சொன்னது இசைவாணிக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு, அவள் முதுகில் ஒரு கையை வைத்தாள். மழை நிற்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

கம்பெனி வேனில் படுக்கவைத்து மண்ணூருக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, எலும்பு முறியவில்லை, ஆனால் அசையக்கூடாது என்றார். கோதண்டம் பால் ஊற்றிவிட்டு வந்து உலை வைத்தான். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தான். கொடுக்கும்போது ஒருமுறை, "இவ்ளோ வலிய வெச்சுக்கினு எனுக்குக்கூட சொல்லாம இருந்துகீறியே" என்றான். அவள் திரும்பிப் பார்க்க முடியாமல் குப்புறப் படுத்திருந்தாள். அவன் குரல் மட்டும் நனைந்திருந்தது.

பகலில் வீடு அமைதியாக இருக்கும். அரைத் தூக்கத்தில் அவளுக்கு ஒரே காட்சி வந்துகொண்டிருந்தது. தான் இதுவரை குனிந்த குனிவுகள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஒவ்வொன்றும் அவளேதான். வெள்ளைப் புழுதி படிந்த அம்சவல்லிகள். வீடு நிறைந்து, வாசல் நிறைந்து, தெருவில் இறங்கி, அறுவடை முடிந்த கழனிகள் முழுக்க நின்றார்கள். எல்லாரும் இடுப்பில் கை வைத்து மெல்ல நிமிர்ந்தார்கள். நிமிர்ந்து எங்கோ பார்த்தார்கள். யாரும் கோபப்படவில்லை. நிமிர்வதற்கு இவ்வளவு நேரம் ஆனதே என்பது போல மட்டும் நின்றார்கள். அவள் விழித்தபோது ஓட்டுச் சந்தில் வந்த வெளிச்சம் முதுகில் வெதுவெதுப்பாகக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளியம்மாள் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தாள். பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொசுவை விரட்டினாள்.

"உனுக்கு பதிலா அடித்தட்டுக்கு யாரு பலக எடுத்துனு போனாங்கன்னு நெனைக்கிற?" என்றாள்.

"யாரு?"

"அந்த பொண்ணுதான். இசைவாணி. பெல்ட்ட தானே கட்டிக்கினு, சேலய தூக்கி சொருவிக்கினு, காலையில பூரா தூக்கிச்சு. எத்தன கப்ப ஒடச்சுதுன்னு கேக்காத. அண்ணாதுரை சார் தலையில கைய வெச்சுக்கினாரு. சாப்பாட்டு பெல்லு அடிச்சதும் நிமிர முடியாம, இப்டியே" என்று கிளியம்மாள் எழுந்து வளைந்து காட்டினாள், "இப்டியே கேன்டீனுக்கு நடந்து வந்துச்சு. படிச்ச பொண்ணு, வாத்து மாதிரி."

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. வலித்தாலும் சிரித்தாள்.

கிளியம்மாள் உட்கார்ந்தாள். குரல் தணிந்தது. "அப்பால நானே போய்க் கேட்டேன். கட்டிவுடுன்னு. கண்ண மூடிக்கினேன். அந்த பொண்ணு அவசரப்படல. ஒரு கொக்கி போடும், நிறுத்தும், போடட்டுமான்னு கேக்கும். அப்பால இன்னொரு கொக்கி. கட்டினதும் அழுதுட்டேன் அம்சா. அன்னிக்கி அந்த கிரவுண்டுல இருந்து ஓடி வந்தேனே, அதுக்கப்பறம் அன்னிக்கித்தான் அழுதேன்."

"எதுக்கு அக்கா கட்டிக்கின?"

"எங்கழுத்து திரும்பமாட்டேங்குதுடி. எத்தன நாளா. உன்ன தூக்கினு போனத பாத்தேன். அடுத்து என்னத்தான் தூக்கினு போவாங்கன்னு தோணுச்சு. அந்த படத்தயும் வாங்கி கழுத்துல நல்லா கருப்பா தீட்டிக் குடுத்தேன். எல்லாருமே குடுத்தாங்க."

ஆவணியில் அம்சவல்லி மெதுவாக நடக்கத் தொடங்கினாள். கம்பெனியிலிருந்து வரச்சொல்லி ஆள் வந்தபோது, வேலை போகப்போகிறது என்றே நினைத்தாள். கோதண்டம் பஸ்ஸில் கூட வந்து, கேட்டுக்கு வெளியே நின்றான்.

கேன்டீனில் மேனேஜர், அண்ணாதுரை, இசைவாணி. சுவரோரமாகப் பெண்கள். நீளமான சாப்பாட்டு மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

மேனேஜர் நேராக விஷயத்துக்கு வந்தார். "வலி இருக்குங்கிறத நான் ஒத்துக்கிறேன் மேடம். ஆனா இவங்க வீட்ல தண்ணி தூக்கறாங்க, துணி துவைக்கிறாங்க, கழனி வேலைக்குப் போறாங்க. அந்த வலிய எல்லாம் கம்பெனி கணக்குல எழுதினா எப்படி?"

"நானும் அப்படி இருக்குமோன்னு யோசிச்சேன் சார்" என்றாள் இசைவாணி.

அவள் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். ஒரு பக்கம் மெழுகும் பிரிவு. தாளுக்குத் தாள் கழுத்தும் வலது தோளும் கறுப்பாகத் தீட்டப்பட்டிருந்தன. நடுவில் உலர்த்தும் அறை. தாளுக்குத் தாள் இடுப்பு. கடைசியில் பேக்கிங். மணிக்கட்டு.

"எல்லாரும் வீட்ல தண்ணி தூக்கறாங்க, எல்லாரும் துணி துவைக்கிறாங்க" என்றாள். "வீட்டு வேலைதான் காரணம்னா எல்லாருக்கும் ஒரே இடத்துல வலிக்கணும். இல்ல, ஆளுக்கு ஆள் மாறணும். இங்க வேலைக்கு வேலைதான் மாறுது."

மேனேஜர் தாள்களுக்கு மேலே குனிந்தார். பெண்களும் மெல்லச் சுவரை விட்டு வந்தார்கள். முகம் இல்லாத உருவங்கள் மேசைமேல் வரிசையாகப் படுத்திருந்தன. எந்த உருவம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொருத்தியும் பார்த்தவுடன் தன் பக்கத்தைக் கண்டுகொண்டாள். இத்தனை நாள் தனக்கு மட்டும் வாயு என்று நினைத்திருந்தவர்கள், பக்கத்தில் நிற்கிறவளின் முகத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்கள்போலப் பார்த்தார்கள்.

பிறகு இசைவாணி ஒரு காகிதச் சுருளை விரித்தாள். பெல்ட்டில் பதிவானதைக் கல்லூரி மெஷினில் கோடாக வரைந்து எடுத்துவந்திருந்தாள். "இது அம்சவல்லியோடது. எடை பாத்து நானே ஏமாந்தேன் சார். பலகை லேசுதான். ஆனா அடித்தட்டுக்குப் போகும்போது மட்டும் பாருங்க. அவ்வளவு ஆழம். குனிஞ்சு, அதோட திரும்பி, அங்கயே நிக்கிறாங்க. கப்பு ஆடக்கூடாதுன்னு நிக்கிறாங்க. முதுகைக் கெடுக்கறது எடை இல்ல, அந்த நிக்கறது. மேல் தட்டுக்கோ நடுத்தட்டுக்கோ இது வரவே இல்ல."

அம்சவல்லி அந்தக் கோட்டைப் பார்த்தாள். இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி, காகிதம் முழுக்க ஓடியது. கடைசியில் ஓரிடத்தில் இறங்கிய கோடு ஏறாமல் அப்படியே நேராகப் போய்க்கொண்டிருந்தது. மழை பெய்துகொண்டிருந்த நேரம் அது. அவள் விரலை நீட்டி அந்த நேர்க்கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். மற்றவர்கள் பேசியது கொஞ்ச நேரம் அவள் காதில் விழவில்லை.

அவள் மறுபடி கவனித்தபோது மேனேஜர், "அடித்தட்ட எடுத்துட்டா காயப்போட இடம் குறையுமே" என்று அண்ணாதுரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாதுரை தாடையைச் சொறிந்தார். "வடக்கு சுவர்ப் பக்கம் ஒரு ரேக்கு போடலாம் சார். சூடு அங்க கொஞ்சம் கம்மிதான். காய நேரமாகும். ஆனா கப்பு ஒடையறது கொறையும்." சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் மேசையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்தார். பென்சிலை வாங்கி இரண்டு முழங்காலையும் அழுத்தித் தீட்டி இசைவாணியிடம் கொடுத்தார்.

"இத்தன வருஷமா சிமென்ட் தரையில நிக்கிறேன் மேடம்" என்றார்.

எல்லாம் நடந்துவிடவில்லை. அடித்தட்டுகளை வெல்டிங் மெஷினால் அறுத்து எடுத்தார்கள். வடக்குச் சுவரில் புது ரேக்கு வந்தது. மெழுகும் பிரிவின் மேசையை உயர்த்தவேண்டும் என்று இசைவாணி சொன்னதற்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். கிளியம்மாள் கழுத்தைத் திருப்பாமல், உடம்போடு திரும்பித்தான் பேசினாள். அதற்காக அண்ணாதுரையை வாரம் ஒருமுறை திட்டினாள். அவர் கேட்டுக்கொண்டார். அம்சவல்லியை வீட்டுக்கு அனுப்பவில்லை. கொஞ்ச மாதம் உட்கார்ந்தபடி சுட்ட கப்புகளின் மெருகு பார்க்கும் வேலையில் வைத்திருந்து, தீபாவளி கழித்துப் பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். இசைவாணி அளவெடுத்து முடித்துப் போகும்போது, "டாக்டர் பட்டம் வாங்கினா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றாள். "அப்போ இப்ப நீங்க டாக்டர் இல்லையா?" என்று அம்சவல்லி நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

வலி முழுதாகப் போகவில்லை. மழை நாட்களில் இடது தொடைவரை வந்து எட்டிப்பார்க்கும். ஆனால் அம்சவல்லி அதை மறைப்பதை விட்டுவிட்டாள். 'இடுப்பு வலிக்குது' என்பதை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

கார்த்திகையில் ஒரு மாலை, ஷிஃப்டு முடிந்து மண்ணூர் பஸ்ஸில் ஏறினாள். கூட்டம். ஜன்னலோரம் வேட்டி கட்டிய ஒருவர் காலை அகட்டி உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அவர் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, இடுப்பு வலிக்குது. கொஞ்சம் எந்திரிங்க."

அவர் விழித்து, இப்படியும் ஒருத்தி கேட்பாளா என்பதுபோல அவளைப் பார்த்தார். பிறகு, ஏன் என்று தெரியாமலே எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். அம்சவல்லி உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். பஸ் கிளம்பியது. மழை பெய்து ஓய்ந்திருந்ததில் சாலையின் இரண்டு பக்கமும் கழனிகளில் தண்ணீர் நிறைந்து, வானம் அப்படியே கீழே இறங்கியிருந்தது. பஸ் அந்த வானத்துக்கு நடுவே மெல்ல ஊர்ந்து போனது. கண்டக்டர் டிக்கெட் கேட்டார். அவள் ஒரே கூப்பிடுதலில் திரும்பி, "மண்ணூர் ஒண்ணு" என்றாள்.